பூதம் காத்திருந்த கதை

"நாடகம் நன்றாகத்தான் இருந்தது. ஜனங்கள்தான் கெடுத்துவிட்டார்கள்."

திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த நண்பர் ஒருவர், கடைசிப் பேருந்துக்குக் காத்து நின்ற இடத்தில் என்னிடம் சொன்ன வாக்கியம் இது. நவீன நாடகத்தை நாற்பது வருடமாகப் பார்த்து வருபவர். நல்ல வாசகர். எங்கள் மாணவர்கள் மீது உண்மையான அக்கறை கொண்டு, ஒன்றரை மணி நேரம் பயணம் செய்து, மணலில் உட்கார்ந்து பார்த்தவர். ஆகவே அவர் சொன்னதை அலட்சியமாகத் தள்ளிவிட என்னால் முடியவில்லை. அதே சமயம், அந்த வாக்கியத்தின் இரண்டு பாதிகளும் தவறு என்ற எண்ணம் அன்றிரவே எனக்கு வந்துவிட்டது. நாடகம் அவர் நினைத்த அளவுக்கு நன்றாக இல்லை. ஜனங்கள் அதைக் கெடுக்கவும் இல்லை. இதை அவரிடம் சொல்வதற்குள் பேருந்து வந்துவிட்டது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

குழந்தைகள் நாடகம் என்று பேச்செடுத்தால் நம் இலக்கிய வட்டத்தில் ஒரு மரியாதையான மௌனம் நிலவும். சிற்றிதழ்களின் நாடகச் சிறப்பிதழ்களைப் புரட்டிப் பாருங்கள். ந. முத்துசாமியும் கூத்துப்பட்டறையும் இருக்கும், மு. இராமசுவாமியும் நிஜ நாடக இயக்கமும் இருக்கும், சே. இராமானுஜம் இருப்பார். ஆனால் அந்த இராமானுஜம் குழந்தைகள் அரங்குக்காக உழைத்ததை அவருடைய மற்ற நாடகங்களுக்கு ஓர் அடிக்குறிப்பு போலத்தான் எழுதுவார்கள். பெரியவர்களுக்கான நாடகம் கலை, குழந்தைகளுக்கானது தொண்டு என்று எங்கோ ஒரு தீர்மானம் நிறைவேறியிருக்கிறது. யார் நிறைவேற்றியது என்றுதான் தெரியவில்லை.

எங்கள் மாணவர்கள் எடுத்துக்கொண்ட கதை எல்லோருக்கும் தெரிந்தது. ஆயிரத்தொரு இரவுகளில் வரும் மீனவனும் பூதமும். அந்த மீனவன் கிழவன். மனைவியும் பிள்ளைகளும் உள்ள பரம ஏழை. ஒரு நாளைக்கு நான்கு முறைதான் வலை வீசுவது என்று ஒரு நியமம் வைத்திருக்கிறான். முதல் வீச்சில் செத்த கழுதை. இரண்டாவதில் மண் நிரம்பிய சாடி. மூன்றாவதில் ஓட்டாஞ்சில்லும் கண்ணாடித் துண்டுகளும். நான்காவதில் ஈய முத்திரையிட்ட செம்புக் கலம். அந்த முத்திரை சுலைமான் நபியுடையது. திறந்தால் புகை, புகையிலிருந்து பூதம். தன்னை விடுவித்தவனையே கொல்லப்போகிறேன் என்கிறது. இவ்வளவு பெரிய உருவம் இவ்வளவு சிறிய கலத்துக்குள் எப்படி இருந்திருக்கும், நான் நம்பமாட்டேன் என்கிறான் மீனவன். பூதம் நிரூபிப்பதற்காக உள்ளே போகிறது. மூடிவிடுகிறான். 1704 முதல் 1717 வரை கலான் என்ற பிரெஞ்சுக்காரர் இந்தக் கதைகளை மொழிபெயர்த்து வெளியிட்ட பிறகு, உலகத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் இது சொந்தக் கதையாகிவிட்டது. நமக்கும்தான். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குப் பூதம் என்றால் இன்றும் 1967இல் வெளிவந்த 'பட்டணத்தில் பூதம்' படத்தின் ஜாவர் சீதாராமன்தானே நினைவுக்கு வருகிறார்.

தமிழ் மேடையில் இந்தக் கருவைத் தொட்டவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் புதுச்சேரியின் வேலு சரவணன். அவருடைய 'ஆழி' குழு பல்லாண்டுகளாகப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகக் கொண்டுசென்ற 'கடல் பூதம்' நாடகத்தைப் பார்க்காத குழந்தைகள் நாடக ஆர்வலர் குறைவு. நான் அதை ஒரு பள்ளி மைதானத்தில், வேப்பமர நிழலில் பார்த்தேன். ஒளியமைப்பு இல்லை, திரை இல்லை. கோமாளி வருகிறான். வந்ததிலிருந்து அவன் மேடையில் இருந்த நேரத்தைவிடப் பிள்ளைகளுக்கு நடுவில் இருந்த நேரமே அதிகம் என்று எனக்குத் தோன்றியது. அவர்கள் கத்துகிறார்கள், எழுந்து நிற்கிறார்கள், பூதம் வரும் திசையைக் காட்டிக் கொடுக்கிறார்கள். எனக்குப் பக்கத்தில் நின்ற ஆசிரியை ஒருவர் முதல் பத்து நிமிடம் "உட்காருங்க, சத்தம் போடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகு அவரே சிரிக்க ஆரம்பித்துவிட்டார். அன்று நான் அதை ஓர் உத்தியாக மட்டுமே பார்த்தேன். பார்வையாளர் பங்கேற்பு என்று குறிப்பேட்டில் எழுதிவைத்துக்கொண்டேன். முதுகலையில் தமிழ் இலக்கியம் படித்தவனுக்கு எதைப் பார்த்தாலும் ஒரு தலைப்பு கொடுக்கும் வியாதி உண்டு.

எங்கள் நாடகம் 2024 பிப்ரவரியில், தூத்துக்குடிக்கும் மணப்பாட்டுக்கும் இடையில் உள்ள ஒரு மீனவ ஊரில் நடந்தது. கோவிலுக்கு, அதாவது தேவாலயத்துக்குப் பக்கத்து மணல்வெளி. இரண்டு மாதங்களுக்கு முன்புதான், 2023 டிசம்பர் மழையில், இந்த மாவட்டமே மூழ்கிக் கிடந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் தொண்ணூறு சென்டிமீட்டருக்கு மேல் மழை. நாடகத்தை இயக்கிய மாணவி இந்தக் கரையைச் சேர்ந்தவர். கிழ மீனவனாக நடித்தவரும் ஒரு மாணவிதான். பெண் கடலுக்குப் போவது போல நடிப்பதை ஊர் ஏற்குமா என்று பயந்தோம். ஒருவரும் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. பயப்படாத இடங்களில்தான் எல்லாம் நடந்தது.

முதலில் வலை. சோதனை நாடகம் அல்லவா, கடலுக்குப் பதில் நீலச் சேலைகளைத் தைத்துப் பிடித்திருந்தார்கள். படகு கிடையாது, பாய்மரம் கிடையாது. வலை மட்டும் நிஜ வீச்சு வலை. யார் வீட்டிலோ கேட்டு வாங்கியது. மாணவி அதை அள்ளி எறிந்ததும் மணல்வெளி முழுக்கச் சிரிப்பு. "ஏ பிள்ள, வலையா வீசுத, போர்வையா உதறுத?" என்று ஒரு குரல். மாணவி மறுபடியும் எறிந்தார். மறுபடியும் சிரிப்பு. எழுபதைத் தாண்டிய ஒருவர் எழுந்தார். மேடை என்று தனியாக ஒன்றும் இல்லாததால் ஏறவும் வேண்டியிருக்கவில்லை. நேரே நடந்து நாடகத்துக்குள் வந்தார். கயிற்றைத் தன் மணிக்கட்டில் மாட்டினார், வலையின் ஒரு விளிம்பைப் பல்லில் கடித்துக்கொண்டார், உடம்பை ஒரு திருப்புத் திருப்பினார். வலை வட்டமாக விரிந்து சேலைக் கடலின் மேல் விழுந்தது. கைதட்டல் அடங்குவதற்குள் அவர் தன் இடத்துக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்துவிட்டார்.

என் நண்பரின் கணக்கில் இதுதான் முதல் சேதம். "நாடகத்தின் மாயை அங்கேயே உடைந்துவிட்டது" என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த வலை விரியும்வரை அங்கே கடலே இல்லை, சேலைகள்தான் இருந்தன. விழுந்த பிறகுதான் பிள்ளைகள் சேலைக்குள் மீன் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார்கள். உடைந்தது எங்கள் பயிற்சியின்மை. குறியீட்டு நடிப்பு என்று சொல்லி ஒரு தொழிலின் அசைவைக் கற்றுக்கொள்ளாமல் தப்பித்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தோம். நகரத்து அரங்கில் அது செல்லுபடியாகும். ஏனென்றால் அங்கே பார்ப்பவருக்கும் வலை வீசத் தெரியாது.

அடுத்தது மூன்று வீச்சுகள். கழுதைக்கும் மண்சாடிக்கும் ஓட்டாஞ்சில்லுக்கும் பதிலாக மாணவர்கள் பிளாஸ்டிக் பைகளையும், சாம்பலையும், உடைந்த மதுப்புட்டிகளையும் வைத்திருந்தார்கள். எதிர்பார்த்த இடத்தில் எதிர்பார்த்த வரவேற்பு. பிள்ளைகள் "சாம்பல், சாம்பல்" என்று கூவினார்கள், பெரியவர்கள் தலையாட்டினார்கள். நண்பருக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். அரசியல் பிரக்ஞை என்றார். எனக்கோ நாடகத்தின் சோம்பேறித்தனமான பகுதி இது என்றே படுகிறது. ஊருக்குத் தெரிந்த குறையை ஊருக்கே எடுத்துக் காட்டினோம், ஊர் ஆமோதித்தது, அவ்வளவுதான். இதைச் சொன்னபோது இயக்கிய மாணவிக்குக் கோபம் வந்தது. "தெரிந்ததைத் தங்களைத் தவிர வேறு யாராவது சொல்கிறார்களே என்பதுதான் சார் அவர்களுக்கு முக்கியம்" என்றார். இருக்கலாம். அவர் அந்தக் கரையில் பிறந்தவர். நான் பணிமாறுதலில் வந்தவன்.

பூதம் வந்தது. பத்து மாணவர்கள் கருப்புத் தார்ப்பாய்க்கு அடியில் ஒருவர்மேல் ஒருவர் ஏறி எழுந்தார்கள். எண்ணெய் பீப்பாய்க்குள்ளிருந்து குரல். கைக்குழந்தைகள் அலறின. நான்கைந்து தாய்மார்கள் எழுந்து தள்ளிப் போனார்கள். என் தலைமுறை ஆட்களின் முகத்தில் வேறொரு மாற்றம் தெரிந்தது. கடலிலிருந்து கறுப்பாக ஒன்று எழுந்து நிமிர்வதைப் பார்த்து அவர்கள் சிரிக்கவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று இலங்கைத் தீவின் மறைவில் இருந்ததால் எங்கள் கரை பெருமளவு தப்பியது. ஆனால் குளச்சலிலும் மணக்குடியிலும் நாகப்பட்டினத்திலும் நடந்தது இவர்களுக்குச் செய்தி அல்ல; அங்கெல்லாம் இவர்களுக்கு உறவுகள் உண்டு. முன்வரிசைப் பிள்ளைகள் அனைவரும் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். அவர்கள் மட்டும் குதித்துக்கொண்டிருந்தார்கள். ஒரே காட்சி, இரண்டு தலைமுறை, இரண்டு நாடகம்.

மேடைப் பயம் பார்வையாளர் உடம்பில் என்ன செய்யும் என்பதற்கு இந்த மண்ணிலேயே பெரிய உதாரணம் ஒருவர் உண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் 1867இல் பிறந்தது தூத்துக்குடிக்கு அருகே காட்டுநாயக்கன்பட்டியில். அவர் எமனாகவும் சனீசுவரனாகவும் வேடங்கட்டி நடித்த காலத்தில், அந்தக் கோலத்தைக் கண்டு மிரண்டு ஒரு கர்ப்பிணிக்குக் கரு கலைந்தது என்றும், விடியலில் ஒப்பனை கலைக்கப் போனவரைக் கண்டு ஒரு பெண் உயிரையே விட்டாள் என்றும் நாடக வரலாறுகள் சொல்கின்றன. அதற்குப் பிறகு அவர் நடிப்பதை விட்டு ஆசிரியராக மட்டும் இருந்தார், சிறுவர்களை வைத்து நாடகக் குழு நடத்தினார் என்பதும் அதே வரலாறுதான். கதையில் எவ்வளவு மெய், எவ்வளவு ஏற்றிச் சொன்னது என்பதை விடுங்கள். பார்ப்பவருக்கு என்ன நேர்ந்தது என்பதை வைத்துத் தன் கலையை மாற்றிக்கொண்ட ஒரு மனிதராகத் தமிழ் நாடக உலகம் அவரை நினைவில் வைத்திருக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம். ஜனங்கள் கெடுத்துவிட்டார்கள் என்று அவர் சொன்னதாக ஒரு கதைகூட இல்லை. 1922இல் அவர் மறைந்தது புதுச்சேரியில். அங்குள்ள பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளிக்கு இன்று அவர் பெயர்தான்.

இனி, இந்தக் கட்டுரையை நான் எழுதக் காரணமான இடத்துக்கு வருகிறேன்.

மீனவன் பூதத்திடம் கேட்கிறான்: உன்னை விடுவித்தேனே, என்னை ஏன் கொல்ல வேண்டும்? பூதம் சொல்லும் பதிலைச் சிறுவர் பதிப்புகளில் பெரும்பாலும் இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். மூலத்தில் அது நீண்ட பேச்சு. அடைபட்ட முதல் நூறு ஆண்டுகளில், என்னை விடுவிப்பவனைச் செல்வந்தனாக்குவேன் என்று சபதம் செய்தேன். யாரும் வரவில்லை. அடுத்து, பூமியின் புதையல்களையெல்லாம் திறந்து காட்டுவேன் என்றேன். யாரும் வரவில்லை. அதற்கடுத்து, மூன்று வரங்கள் தருவேன் என்றேன். அப்போதும் யாரும் வரவில்லை. பிறகுதான் கோபம் வந்தது. இனி எவன் வந்து திறந்தாலும் அவனைக் கொல்வேன் என்றேன். (ஆண்டுக்கணக்கு பதிப்புக்குப் பதிப்பு மாறும்.) எங்கள் பிரதியில் இந்தப் பேச்சு முழுதாக இருந்தது. பீப்பாய்க் குரல் ஒவ்வொரு முறையும் "யாரும் வரவில்லை" என்று நிறுத்தும். மாணவர்கள் இதைப் பூதத்தின் நன்றிகெட்ட குணத்துக்குச் சான்றாகத்தான் வாசித்திருந்தார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். வகுப்பில் நன்றி மறத்தல் பற்றி ஒரு சிறு உரையே ஆற்றினேன்.

மூன்றாவது "யாரும் வரவில்லை"க்குப் பிறகு ஓர் இடைவெளி. அந்த இடைவெளியில், பின்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல், யாரிடமும் சொல்வது போல் இல்லாமல் சொன்னது:

"வரலைன்னா கோவம் வரத்தான செய்யும்."

சிரிப்பு எழவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தெரிந்த விஷயத்தைத் தெரிந்தவர் சொன்னது போல அது மணலில் இறங்கிவிட்டது. தார்ப்பாய்க்கு அடியில் இருந்த மாணவர்கள்தான் தடுமாறினார்கள். அடுத்த வரியை யார் சொல்வது என்று மறந்துபோனார்கள். அந்த மௌனம் கால் நிமிடம் இருந்திருக்கும். என் நண்பர் அதைத்தான் பெரிய சேதம் என்றார். பிரதியின் தாளம் அறுந்துவிட்டதாம்.

அந்த அம்மா யார், அவர் யாருக்காகக் காத்திருந்தவர் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரிக்க வேண்டிய தேவையும் இல்லை. கடலுக்குப் போனவர்கள், சரக்குக் கப்பலில் போனவர்கள், எல்லை தாண்டியதாகப் பிடிபட்டவர்கள் என்று இந்தக் கரையின் ஒவ்வொரு வீட்டிலும் யாராவது யாருக்காகவாவது வாசலைப் பார்த்திருக்கிறார்கள். என்னை உறுத்தியது வேறு. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக நான் வகுப்பில் அகத்திணை நடத்துகிறேன். நெய்தலின் உரிப்பொருள் என்ன என்று கேட்டால் கடைசி வரிசை மாணவன்கூட இரங்கலும் இரங்கல் நிமித்தமும் என்பான். கடலும் கடல் சார்ந்த நிலமும், அங்கே காத்திருந்து இரங்கும் நெஞ்சமும். தேர்வில் இரண்டு மதிப்பெண். இதை இத்தனை முறை சொல்லிக்கொடுத்த நான், கடலுக்கடியில் நூறு நூறு ஆண்டுகளாகக் காத்துக் கிடந்த ஒரு ஜீவனை நெய்தல் நிலத்திலேயே கொண்டுவந்து நிறுத்திவிட்டு, நன்றியைப் பற்றி உரையாற்றியிருக்கிறேன். இரக்கம் எப்போது சினமாகத் திரிகிறது என்பதுதான் அந்தப் பேச்சின் பொருள். முதல் நூறு ஆண்டின் பூதம் நல்ல பூதம். அதைக் கெடுத்தது காத்திருப்பு. இவ்வளவையும் ஒரு பெண் நான்கு சொல்லில் சொல்லிவிட்டார். நாங்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் இடையூறு.

பூதம் கலத்துக்குள் திரும்பியதும் கூச்சல் காதைப் பிளந்தது. மாணவர்கள் அங்கே ஓர் உத்தி வைத்திருந்தார்கள். கதையை முடிக்காமல், மீனவன் கலத்தைக் கையில் பிடித்தபடி பிள்ளைகளைப் பார்த்துக் கேட்பான்: இதைத் திறக்கலாமா, வேண்டாமா? உள்ளிருந்து பூதம் கெஞ்சும். இனி கொல்லமாட்டேன், சத்தியம்.

நாங்கள் எதிர்பார்த்தது ஆம், இல்லை என்று இரண்டு கட்சிகள். வந்தது வேறு. "கடல்ல தூக்கிப் போடுங்க" என்றான் ஒருவன். பக்கத்தில் இருந்த சிறுமி உடனே மறித்தாள்: "கடல்ல போட்டா இன்னொருத்தர் வலையில வரும்லா?" இதற்கு யாரிடமும் பதில் இல்லை. அப்புறம் ஒரு பையன் யோசித்துச் சொன்னான்: "போட்டுட்டு, அந்த எடத்துல மெதவை கட்டிவிடணும். இங்க வலை போடாதீங்கன்னு." எனக்குச் சிலிர்த்துவிட்டது. ஏனென்றால் மூலக் கதையில் மீனவன் பூதத்தை மிரட்டுவது கிட்டத்தட்ட இதே சொற்களில்தான்: உன்னைக் கடலில் எறிந்துவிட்டு, இங்கேயே ஒரு குடிசை கட்டிக்கொண்டு, வருகிற மீனவர்களுக்கெல்லாம் எச்சரிக்கை சொல்லுவேன் என்கிறான். எங்கள் பிரதியில் அந்த வரி கிடையாது. நீளம் கருதி நான்தான் வெட்டச் சொன்னேன். அந்தப் பையன் படிக்காமலேயே அதைத் திரும்ப எழுதிவிட்டான்.

இந்த அமளியில் வலை வீசிய பெரியவர் மறுபடியும் எழுந்தார். "அதக் கட்டத் தெரிஞ்சவன்தான் அவுக்கணும். எங்க தாத்தா காலத்துல கடல்கட்டி இருந்தாவ" என்றார். பிள்ளைகளுக்கு விளங்கவில்லை. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், குளிகாரர் கடலில் இறங்கும் முன் சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவதற்கென்றே ஒருவர் இருப்பார், அவர்தான் கடல்கட்டி. அவர் கரையில் இல்லாமல் குளிகாரர் தண்ணீரில் கால் வைக்க மாட்டார்கள் என்பதால், மந்திரத்தில் நம்பிக்கையில்லாத வெள்ளைக்கார அரசாங்கமே அவருக்குப் படியளந்திருக்கிறது. மன்னார் வளைகுடாவின் இந்தப் பக்கத்தில் முத்துச் சிலாபம் கடைசியாக நடந்தது 1961இல். அதோடு சங்குகுளி மட்டும் மிஞ்சியது. சுலைமான் நபியின் முத்திரையையும் கடல்கட்டியின் மந்திரத்தையும் ஒரே வரியில் முடிச்சுப் போட்ட அந்தப் பெரியவரை நான் எந்த ஒப்பிலக்கியக் கருத்தரங்கிலும் சந்தித்ததில்லை.

கடைசியில் திறந்தார்களா என்று கேட்பீர்கள். திறக்கவில்லை. வாக்குவாதம் முடிவதற்குள் கோவில் மணி அடித்துவிட்டது. அதுவும் ஒரு குறைதான். மூலத்தில் மீனவன் மறுபடி திறக்கிறான். பூதம் சத்தியம் செய்கிறது, அவன் நம்புகிறான், பூதமும் வாக்கைக் காப்பாற்றி அவனை நான்கு நிற மீன்கள் உள்ள ஏரிக்கு அழைத்துச் செல்கிறது. சிறுவர் பதிப்புகள் மூடியதோடு நிறுத்திக்கொள்கின்றன. புத்திசாலி பிழைத்தான், முட்டாள் ஏமாந்தான். நம் பாடப்புத்தக மனதுக்கு அது போதும். ஏமாற்றியவனே பிறகு நம்பிக்கை வைக்கத் துணிகிறான் என்ற இரண்டாம் பாதி நமக்குத் தேவைப்படவில்லை. விழா முடிந்ததும் ஒரு பள்ளித் தலைமையாசிரியர் என்னிடம், "எல்லாம் சரி சார், நீதி என்னன்னு கடைசியில ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றார். நண்பர் ஜனங்களைக் குறை சொன்னார், இவர் எங்களைக் குறை சொன்னார். இருவரும் கேட்டது ஒன்றுதான்: பார்ப்பவர்கள் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும்.

'பீட்டர் பேன்' முதன்முதலில் லண்டனில் மேடையேறியது 1904 டிசம்பர் 27 அன்று. தேவதை ஒன்று சாகக் கிடக்கும்போது, தேவதைகளை நம்புகிறவர்கள் கைதட்டுங்கள் என்று பீட்டர் சபையைப் பார்த்துக் கேட்கிறான். முதல்நாள் வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் பெரியவர்கள். ஒருவரும் தட்டாவிட்டால் என்ன ஆகும் என்று பயந்த ஆசிரியர் பாரி, வாத்தியக்காரர்களிடம் கருவிகளைக் கீழே வைத்துவிட்டு நீங்களாவது தட்டுங்கள் என்று சொல்லிவைத்திருந்தாராம். அதற்கு அவசியமே நேரவில்லை. சபை தட்டியது, பீட்டராக நடித்த நடிகை அழுதுவிட்டார். இதில் எனக்குப் பிடித்தது சபையின் கைதட்டல் அல்ல, பாரியின் பயம். பதில் வராமலும் போகலாம் என்று பயப்படுகிறவன்தான் உண்மையாகவே கேள்வி கேட்கிறான். எங்கள் "திறக்கலாமா" கேள்வியில் அந்தப் பயம் இருக்கவில்லை. பிள்ளைகள்தான் அதை மெய்யான கேள்வியாக்கினார்கள். யாழ்ப்பாணத்தில் 1978இல் நாடக அரங்கக் கல்லூரியை நிறுவியவரும், 'கூடி விளையாடு பாப்பா' உள்ளிட்ட சிறுவர் நாடகங்களைத் தந்தவரும், 2025 ஜனவரியில் மறைந்தவருமான குழந்தை ம. சண்முகலிங்கத்தைப் பெரியவர்களுக்கான 'மண் சுமந்த மேனிய'ருக்காக மட்டும் நினைவுகூர்கிறவர்கள் இந்த விஷயத்தைச் சற்று யோசிக்கலாம். அந்த இரண்டையும் ஒரே கைதான் எழுதியது.

நண்பரின் வாதத்தில் மிச்சமிருப்பது ஒன்று: சோதனை நாடகத்துக்குப் பழகாத பார்வையாளர். இந்தச் சொல்லைக் கேட்டால் எனக்குச் சற்று எரிச்சல் வரும். எங்கள் மாவட்டத்திலேயே கோவில்பட்டியில் ச. முருகபூபதியின் மணல்மகுடி இருக்கிறது. அவர்களுடைய நாடகங்களைப் பார்த்துப் புரியவில்லை என்பவர்களும் உண்டு, உடம்பு நடுங்கப் பார்ப்பவர்களும் உண்டு. இரண்டாமவர்களில் பலர் நவீன நாடகம் என்ற சொல்லையே கேள்விப்படாதவர்கள். இந்தக் கடற்கரையோ தலைமுறை தலைமுறையாகப் பாஸ்குவும் கூத்தும் பார்த்த கரை. ஞானசவுந்தரியின் கைகளை வெட்டும் காட்சிக்கு அழுது பழகிய கரை. அந்தக் கதைகூட ஐரோப்பியப் பாட்டிகள் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்ன கையற்ற பெண்ணின் கதைக்கு உறவுதான். வேதத்தோடு கப்பலேறி வந்து நம் கூத்தாயிற்று. அன்னியக் கதையை வாங்கிச் சொந்தமாக்கிக்கொள்வதில் இவர்களுக்கு உள்ள பழக்கம் எங்கள் துறையில் யாருக்கும் இல்லை.

பார்வையாளர் செய்ததெல்லாம் சரி என்று நான் வாதாடவில்லை. ஓரத்தில் நின்ற சில இளைஞர்கள் மாணவிகளைப் பார்த்து விசிலடித்தார்கள். அது விமர்சனம் அல்ல, வெறும் அசிங்கம். ஒருவர் முழு நாடகத்தையும் கைபேசியில் உறவினருக்கு நேரலையாகக் காட்டியபடி உரக்க விளக்கவுரை சொல்லிக்கொண்டிருந்தார். அவரை உட்காரச் சொல்ல எனக்கே வாய் துறுதுறுத்தது.

இப்போது எங்களுக்குள் ஒரு சண்டை நடந்துகொண்டிருக்கிறது. நாடகத்தை வேறொரு ஊருக்குக் கொண்டுபோகப் பிரதியைத் திருத்துகிறோம். குடிசை வரி உள்ளே வந்துவிட்டது. வலை வீச இரண்டு மாணவர்கள் அதிகாலையில் கடற்கரைக்குப் போய்ப் பழகுகிறார்கள். மூலத்தில் உள்ளபடி பூதத்தைத் திறப்பது என்றும் முடிவாகிவிட்டது. அந்தப் பெண் சொன்ன வாக்கியத்தில்தான் தகராறு. மாணவர்கள் அதைப் பிரதியில் சேர்த்து, பின்வரிசையில் ஒரு மாணவியை உட்காரவைத்துச் சொல்லவைக்கலாம் என்கிறார்கள். கூடாது என்கிறேன் நான். அந்த இடத்தில் கால் நிமிடம் வெறுமனே நிறுத்துங்கள், யாராவது சொன்னால் சொல்லட்டும் என்கிறேன். "யாரும் சொல்லாட்டி என்ன சார் பண்றது?" என்று கேட்கிறார் இயக்கும் மாணவி.

யாரும் சொல்லாவிட்டால் கால் நிமிடம் கழித்துப் பூதம் பேச்சைத் தொடரும் என்றேன். அவர் இன்னும் சம்மதிக்கவில்லை.